கடைக் கம்ப்யூட்டரின் துபாஷி
நெட்வொர்க் டிரைவர் பற்றி வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



நம் பாட்டன்மார் இந்நாட்டில் கடை வைத்த காலத்தில் ஒரு கல்லாப் பெட்டியும், சிட்டையும், பேரேடும் இருந்தால் வியாபாரம் நடந்தது. இன்று மளிகைக் கடையானாலும், துணிக்கடையானாலும், நாணயம் மாற்றும் கடையானாலும், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. பற்று வரவு அதில். சரக்கு இருப்பு அதில். மொத்த வியாபாரிக்கு அனுப்பும் ஆர்டரும் அதில். மலேசியாவில் 2024 ஆகஸ்ட் முதல் தேதி பெரிய கம்பெனிகளில் ஆரம்பித்த இ-இன்வாய்ஸ் முறையும் பின்னர் படிப்படியாக மற்றப் பலருக்கும் வந்தது. இவை யாவும் இணையத்தின் வழியே நடப்பவை. இணையம் நின்றால் கடை பாதி நின்றதற்குச் சமம்.

இணையம் நின்றவுடன் நாம் முதலில் ஏசுவது இணையக் கம்பெனிக்காரனை. ஆனால் பல சமயங்களில் குற்றம் அவனுடையதல்ல; நம் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே இருக்கிறது. அதை நான் பட்டுத்தான் அறிந்தேன். நான் பட்டதை மற்றச் சகோதரர்களும் படக்கூடாது என்ற நிய்யத்தோடு இப்பாடத்தை எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான் என் படிப்பு. எனக்குப் புரிந்த விஷயம் உங்களுக்கும் புரியும்.

நடந்தது இதுதான்

ரமலானின் கடைசிப் பத்து. கடையில் நிற்க இடமில்லை. ஒரு நாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் இணையம் இல்லை. இரவில் அது தானாகவே ஏதோ அப்டேட் செய்து கொண்டிருந்தது. எங்கள் கணக்குப் புத்தகம் முழுவதும் இணையத்தில் இருப்பதால் யார் பாக்கி எவ்வளவு என்பதுகூடத் தெரியவில்லை.

கடைப் பையன் ஒருவன் கெட்டிக்காரன், ஆனால் அவசரக்காரன். கைப்பேசியில் தேடி, முதலில் கண்ணில் பட்ட விளம்பரத்தைத் தொட்டு, "எல்லா டிரைவரையும் ஒரே நொடியில் சரி செய்வோம்" என்ற ஒரு புரோகிராமை இறக்கி, கம்ப்யூட்டரில் போட்டுவிட்டான். அது காசு கேட்டது, கொடுத்தோம். அதன் பிறகு இணையமும் வரவில்லை. ரசீது அச்சடிக்கும் பிரிண்டரும் நின்றது.

அன்று லுஹர் தொழுகைக்குப் பின் வயதான வாடிக்கைக்காரர் ஒருவர் வந்தார். "தம்பி, பெருநாளைக்கு முன்னே என் பாக்கியைத் தீர்த்துப்புடணும். எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றார். "மாமா, கம்ப்யூட்டர் வேலை செய்யலீங்க" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இருநூறு வெள்ளியைக் கல்லாவின் மேல் வைத்து, "கணக்குத் தெரிஞ்சதும் சொல்லுங்க தம்பி" என்று போய்விட்டார்.

மூன்றாம் நாள் எதிர்க்கடைக்காரரின் மகள், கல்லூரியில் படிக்கும் பிள்ளை, வந்து பார்த்துச் சரி செய்து கொடுத்தது. கணக்கு திறந்ததும் பார்த்தேன்: மாமாவின் பாக்கி நூற்று நாற்பது வெள்ளிதான். அவருடைய அறுபது வெள்ளி இரண்டு நாளாக என் கல்லாவில் கிடந்திருக்கிறது. அன்றிரவே அவர் வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். இடையில் அவருக்கோ எனக்கோ மவுத்து வந்திருந்தால்? கடனை எழுதி வைக்கும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. எழுதியதை வேண்டும்போது படிக்க முடியாவிட்டால் எழுதியதன் பயன் என்ன?

அந்தப் பிள்ளை போகும்போது ஒன்று சொல்லிற்று: "முதல் நாளே ஒரு பட்டனை அமுக்கியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை மாமா." அந்தப் பட்டனைப் பற்றியதே இப்பாடம்.

டிரைவர் என்றால் என்ன?

பழைய நாளில் சோழமண்டலக் கரையில் ஐரோப்பியக் கம்பெனிக்காரனுக்கும் நம் ஊர் வியாபாரிக்கும் நடுவே நின்று, இரு பாஷையும் பேசி, பேரத்தை முடித்துக் கொடுத்தவரைத் துபாஷி என்றார்கள். கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி ஒருவர் உண்டு. விண்டோஸ் என்பது கடை முதலாளி. இணையக் கம்பியையோ வைஃபையையோ பிடித்துக் கொண்டிருக்கும் சிறிய அட்டைக்கு நெட்வொர்க் அடாப்டர் என்று பெயர். முதலாளியின் பாஷை அட்டைக்குத் தெரியாது. அட்டையின் பாஷை முதலாளிக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவே நிற்கும் புரோகிராமே டிரைவர்.

ஒவ்வோர் அட்டைக்கும் அதன் பாஷை தெரிந்த துபாஷிதான் வேண்டும். இன்டெல் அட்டையின் டிரைவர் ரியல்டெக் அட்டைக்கு உதவாது. டிரைவர் இல்லாமற்போனாலோ, பொருந்தாத டிரைவர் வந்து உட்கார்ந்தாலோ, அட்டை நன்றாக இருந்தும் இணையம் வராது. எங்கள் கடையில் நடந்தது இதுவே. புதிதாய் வந்த டிரைவர் எங்கள் கம்ப்யூட்டருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பையன் போட்டது அதைவிடப் பொருந்தாதது.

முதற்பாடம்: குற்றம் எங்கே என்று பார்

டிரைவரில் கை வைப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று: கடையின் வைஃபையில் உங்கள் கைப்பேசி இணையத்துக்குப் போகிறதா? அதற்கும் போகவில்லையானால் குற்றம் ரௌட்டரிலோ இணையக் கம்பெனியிலோ இருக்கிறது. கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள்.

இரண்டு: கம்பி போட்ட இணைப்பானால், கம்பி சொருகும் துவாரத்தின் ஓரத்தில் சிறு விளக்கு எரிகிறதா? எரியவில்லையானால் கம்பியைக் கழற்றி மறுபடி சொருகுங்கள். வேறு கம்பி போட்டுப் பாருங்கள். எலி கடித்த கம்பிக்கு டிரைவர் மாற்றிப் பிரயோஜனமில்லை.

மூன்று: மடிக்கணினியானால், விமானப் பிரயாணத்துக்கான ஏர்ப்ளேன் மோட் தவறிப்போய் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இம்மூன்றும் சரியாயிருந்தால், கீழே இருக்கும் விண்டோஸ் சின்னத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அமுக்குங்கள். வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர் என்று இருக்கும். அதைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்தால் உங்கள் அட்டையின் பெயர் தெரியும். வான் மினிபோர்ட் என்று சில வரிகள் இருந்தால் அவை விண்டோஸுக்குச் சொந்தமானவை. அவற்றைத் தொட வேண்டாம். அட்டையின் பெயரே காணாமல், அதர் டிவைசஸ் என்ற இடத்தில் மஞ்சள் முக்கோணத்தோடு நெட்வொர்க் கன்ட்ரோலர் அல்லது ஈதர்நெட் கன்ட்ரோலர் என்றிருந்தால், அதற்கு டிரைவர் இல்லை என்று அர்த்தம்.

பெயரை இரண்டு தடவை தட்டினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் ஒரு கோட் எண் இருந்தால் எழுதிக் கொள்ளுங்கள். 28 என்றால் டிரைவர் போடப்படவில்லை. 22 என்றால் அட்டையை யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எனேபிள் என்பதை அமுக்கினால் போதும். 10 என்றால் அட்டையால் வேலையைத் தொடங்க முடியவில்லை. 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. நோயை அறியாமல் மருந்து கொடுக்கலாமா? எண்ணை அறிந்த பிறகே அடுத்த வேலை.

இரண்டாம் பாடம்: திரும்பும் வழி

நேற்று வேலை செய்த இணையம் அப்டேட்டுக்குப் பின் இன்று வேலை செய்யவில்லையானால், புதியதைத் தேடி ஓடாதீர்கள், பழையதற்குத் திரும்புங்கள். அதே பெட்டியில் டிரைவர் என்ற பக்கத்தைத் திறந்தால், டிரைவரைக் கொடுத்தவர் யார், தேதி என்ன, பதிப்பு எண் என்ன என்பன இருக்கும். அவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். அதன் கீழே ரோல் பேக் டிரைவர் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அந்தப் பிள்ளை சொன்ன பட்டன் இதுதான். அமுக்கினால் காரணம் கேட்கும். ஒன்றைத் தெரிந்தெடுத்துச் சம்மதம் கொடுத்து, கம்ப்யூட்டரை அணைத்துத் திறக்கவும். முன்பிருந்த டிரைவர் மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

அந்தப் பட்டன் மங்கலாக இருந்து அமுங்காவிட்டால், பழைய டிரைவர் திரும்ப எடுக்கும் நிலையில் இல்லை என்று பொருள். அப்பொழுது அப்டேட் டிரைவர் என்பதை அமுக்கி, கம்ப்யூட்டரிலேயே தேடு என்ற இரண்டாவது வழியைத் தெரிந்து, பட்டியலிலிருந்து நானே எடுக்கிறேன் என்ற வரியைத் தொட்டால், கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருக்கும் டிரைவர்களின் பட்டியல் வரும். பழைய தேதியுள்ளது ஒன்று அங்கே கிடைக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அன்இன்ஸ்டால் டிவைஸ் என்றும் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கும்போது டிரைவரையும் சேர்த்து நீக்கட்டுமா என்று ஒரு சிறு கட்டம் கேட்கும். மாற்று டிரைவர் கையில் இல்லாதபோது அந்தக் கட்டத்தில் குறி போடாதீர்கள். குறி போடாமல் நீக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி திறந்தால், விண்டோஸ் பெரும்பாலும் அட்டையைத் தானே கண்டுபிடித்து டிரைவரைத் திரும்பப் போட்டுக் கொள்ளும். சில்லறைக் கோளாறுகள் இதிலேயே தீர்ந்துவிடுகின்றன.

பழையதற்குத் திரும்பிய பின் விண்டோஸ் மறுபடியும் அதே புதிய டிரைவரைக் கொண்டு வரக்கூடும். ஆகவே அப்டேட்டைச் சில நாட்களுக்கு நிறுத்தி வையுங்கள். அடுத்த திருத்தம் வரும்வரை அவகாசம் கிடைக்கும்.

மூன்றாம் பாடம்: உரியவரிடம் வாங்கு

புதிய டிரைவரே வேண்டியதாகி விட்டால் அதை எங்கே வாங்குவது? செய்தவனிடம். டெல், எச்.பி., லெனோவோ, ஏசர், ஏசுஸ் போன்ற கம்பெனிக் கம்ப்யூட்டரானால் அந்தந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்தில், கம்ப்யூட்டரின் மாடல் பெயரைக் கொடுத்துத் தேட வேண்டும். கடையில் உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டரானால் மதர்போர்டைச் செய்தவரின் பக்கத்தில் தேட வேண்டும். யூ.எஸ்.பி.யில் சொருகும் சிறிய வைஃபை குச்சியானால் அதன் முதுகில் மாடல் எண்ணோடு பதிப்பு எண்ணும் அச்சிட்டிருக்கும். இரண்டையும் பாருங்கள். மாடல் ஒன்றாயிருந்தும் பதிப்பு வேறானால் உள்ளே இருக்கும் சில்லு வேறாயிருக்கலாம், டிரைவரும் வேறாகும்.

பெயரே தெரியாத அட்டைக்கும் வழியுண்டு. அதே பெட்டியில் டீட்டெயில்ஸ் என்ற பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடி என்பதைத் தெரிந்தால் ஒரு நீண்ட எண் வரும். அதில் வி, இ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களுக்குப் பின்னால் வருவது, செய்தவரின் எண். 8086 என்றிருந்தால் இன்டெல். 10 என்ற எண்ணும் இ, சி என்ற எழுத்துக்களும் இருந்தால் ரியல்டெக். அப்பன் பெயர் தெரிந்துவிட்டால் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமா?

தேடும்போது மேலே முதலில் வருவது பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அதைத் தொடாதீர்கள். கம்பெனியின் முகவரியைக் கையாலேயே தட்டுங்கள். அட்டை செய்தவர்கள் அதற்குரிய டிரைவரை இலவசமாகவே கொடுக்கிறார்கள். காசு கேட்டாலே இது வேறு கை என்று அறிந்து கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? டிரைவர் என்பது விண்டோஸின் உள்ளறையில் உட்கார்ந்து வேலை செய்வது. கண்ட புரோகிராமை டிரைவர் என்று உள்ளே விடுவது, முகம் தெரியாத ஆளிடம் கல்லாச் சாவியையும் கடைச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும். அதில் இருப்பது நம் பணம் மட்டுமா? வாடிக்கைக்காரர்களின் பெயர், தொலைபேசி எண், பாக்கி எல்லாம் அதில் இருக்கின்றன. அவை நம்மிடம் உள்ள அமானிதம். இதற்காகவே 2016-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 என்ற பதிப்பு முதற்கொண்டு, இந்த உள்ளறைக்குள் வரும் புதிய டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பமே வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. "கையொப்பச் சோதனையை நிறுத்திவிட்டுப் போடுங்கள்" என்று யாராவது யோசனை சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இணையம் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது?

இந்தக் கேள்விதான் எங்கள் பையனைத் தடுமாற வைத்தது. வழி சுலபம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை அதன் சார்ஜ் கம்பியால் கம்ப்யூட்டரோடு சேர்த்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் யூ.எஸ்.பி. டெதரிங் என்பதைத் திறந்துவிட்டால், கைப்பேசியின் இணையம் கம்பி வழியே கம்ப்யூட்டருக்கு வரும். இதற்கு வேண்டிய டிரைவர் பொதுவாக விண்டோஸிலேயே இருக்கிறது. ஐஃபோனானால் அதற்கென்று ஆப்பிளின் டிரைவர் முதலில் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரில் இறக்கி, பென்டிரைவில் எடுத்து வந்து போடலாம்.

அப்டேட் செய்வதா, வேண்டாமா?

"அப்படியானால் அப்டேட்டே வேண்டாமே" என்று சில சகோதரர்கள் நினைக்கலாம். அதுவும் தவறு.

2024 ஜூன் மாதத்தில் விண்டோஸின் வைஃபை டிரைவரில் இருந்த ஓர் ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அடைத்தது. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், வைஃபை எட்டும் தூரத்தில் இருக்கும் ஒருவன் உள்ளே புகக்கூடிய ஓட்டை அது. அப்டேட் செய்யாதவர்களுக்கு அது அடைபடவில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் வையுங்கள். மேலும், வைஃபை 6 என்ற புதிய முறை ரௌட்டர்கள் வந்தபோது, பழைய டிரைவர் உள்ள சில இன்டெல் அட்டைகளுக்கு அந்த வைஃபையின் பெயரே கண்ணுக்குத் தெரியவில்லை. இன்டெல் கம்பெனியே இதை அறிவித்து, புதிய டிரைவரைப் போடச் சொல்லிற்று.

மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலை 19-ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனியின் தவறான அப்டேட் ஒன்றினால் உலகெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. சாங்கி விமான நிலையத்தில்கூடச் சில விமானக் கம்பெனிகள் பிரயாணிகளைக் கையாலேயே பதிவு செய்ய நேர்ந்தது. அது நெட்வொர்க் டிரைவர் அல்ல. ஆனால் அதே உள்ளறையில் வேலை செய்யும் டிரைவரைச் சேர்ந்தது. செய்தவனிடமிருந்தே வந்தாலும் பிழை வரலாம் என்பதற்கு இது அத்தாட்சி.

ஆகவே வழி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப் போடாதீர்கள். நன்றாக ஓடும் டிரைவரைப் புதுமைக்காக மட்டும் மாற்றாதீர்கள். மாற்றுவதானால் கூட்டமில்லாத நாளில், கடை சாத்திய பிறகு, திரும்பும் வழியைக் கையில் வைத்துக் கொண்டு மாற்றுங்கள். ரமலான் கடைசிப் பத்தும், சம்பளத் தேதியும் அதற்குரிய நேரங்கள் அல்ல.

சிலர் கேட்பவை

கேள்வி: இணையம் முற்றிலும் போகவில்லை, விட்டு விட்டு வருகிறது. டிரைவரை மாற்றலாமா?
பதில்: முதலில் அந்தப் பெட்டியில் பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கம் இருந்தால் திறங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்த அட்டையை அணைக்கலாம் என்ற வரியில் குறி இருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது அட்டையைத் தூங்க வைப்பது இதுவாக இருக்கலாம்.

கேள்வி: நெட்வொர்க் ரீசெட் செய்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்களே?
பதில்: அது அட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு மறுபடி போடும். ஆனால் நீங்கள் கையால் கொடுத்த நிலையான ஐ.பி. எண்களும், வைஃபை கடவுச்சொற்களும் போய்விடும். ரசீது பிரிண்டரும் கல்லா யந்திரமும் அப்படிப்பட்ட எண்ணில் ஓடுகின்றனவானால், எல்லாவற்றையும் எழுதி வைத்துக் கொண்டு, கடைசி வழியாகவே அதைச் செய்யுங்கள்.

கேள்வி: இவ்வளவும் எனக்கு வராது. நான் என்ன செய்வது?
பதில்: இன்றே மூன்று காரியம் செய்யுங்கள். இணையம் நன்றாக இருக்கும்போதே உங்கள் அட்டைக்குரிய டிரைவரை இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு, கல்லாவில் வையுங்கள். அட்டையின் பெயரையும் டிரைவர் பதிப்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன், கடன் பாக்கிப் பட்டியலை அச்சடித்துக் கோப்பில் வையுங்கள். டிரைவர் சரியாகும்வரை நம் நாணயத்தைக் காப்பாற்ற அந்தத் தாள் போதும்.

சகோதரர்களே! ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய போதனை அல்ல. நம் கடைக் கம்ப்யூட்டருக்கு அந்தக் கயிறு மூன்று புரி உடையது: குற்றம் எங்கே என்று அறிவது, உரியவரிடம் வாங்குவது, திரும்பும் வழியை வைத்துக் கொள்வது. இவற்றைக் கடைச் சிப்பந்திகளுக்கும் கற்றுக் கொடுங்கள். அவர்கள் செய்யும் அவசரப் பிழைக்கும் நாமே பொறுப்பாளிகள்.

மாமா இந்த ரமலானிலும் பாக்கி தீர்க்க வந்தார். கோப்பைப் புரட்டி உடனே தொகையைச் சொன்னேன். எண்ணி வைத்துவிட்டு, "இப்பதான் தம்பி கடை மாதிரி இருக்கு" என்றார்.

வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.